கோதுமை விளைந்தபோது அவர் மந்திரியாக இல்லை

போன இதழில் காமராஜர் ஆட்சியைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “சி.சுப்பிரமணியம் இல்லாமல் மதிய உணவுத் திட்டத்தை யோசிக்கவே முடியவில்லை” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குத்தான் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, எல்லாப் பக்கத்தையும் சி.எஸ்ஸுக்கே கொடுக்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரன், முப்பது வருடம் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு பாக்கி இருக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, ஈரோடு: எங்கள் பாடக்குறிப்பில் “சி.சுப்பிரமணியம் – பசுமைப் புரட்சி” என்று ஒரே வரிதான் இருக்கிறது. டெல்லி போவதற்கு முன் அவர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார், ஐயா?

பத்து வருடம் மந்திரியாக இருந்தார் அம்மா. 1952-லிருந்து 1962 வரை, ராஜாஜி அமைச்சரவையிலும் பிறகு காமராஜர் அமைச்சரவையிலும் இருந்தார். சட்டமன்றத்தில் அவை முன்னவரும் அவர்தான். டெல்லியில் செய்த பெரிய காரியங்களுக்கு அவர் கை பழகிய இடம் இந்தச் சென்னைதான் என்பது என் திடமான எண்ணம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம் அவர் ஊர். 1910 ஜனவரி 30-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சித்பவானந்தர் அவருக்குப் பெரியவர் முறை உறவு. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார், அப்புறம் சட்டம். இந்த இயற்பியலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சென்னையில் படிக்கிற காலத்தில் கொங்கு நாட்டுப் பையன்களும் நண்பர்களும் சேர்ந்து ‘வனமலர்ச் சங்கம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். பெரியசாமித் தூரன் அதில் ஒருவர், ஓ.வி.அளகேசன் இன்னொருவர். கோபியிலிருந்து ‘பித்தன்’ என்று ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள். அதே தூரன்தான் பிற்பாடு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர் ஆனார். அளகேசன் நாடாளுமன்றம் போனார்.

கோவையில் வக்கீல் தொழில், 1942-ல் சிறை, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் பதவி. இதெல்லாம் அந்தத் தலைமுறைக் காங்கிரஸ்காரர் பலருக்கும் பொது. அவருடைய தனிக் கதை 1954-ல் தொடங்குகிறது. ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலகினார். யார் அடுத்தது என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.எஸ். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. தோற்றவரைக் காமராஜர் வீட்டுக்கு அனுப்பவில்லை. எட்டே பேர் கொண்ட சின்ன அமைச்சரவையில் அவரையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். இதைக் காமராஜரின் பெருந்தன்மையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் தன்னைத் தோற்கடித்தவரின் கீழ் எட்டு வருடம் முணுமுணுக்காமல் வேலை பார்த்தவரின் மனசையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

அந்த அமைச்சரவையில் அவருக்கு நிதியும் கல்வியும் இரண்டும் கிடைத்தன. பாடக்குறிப்பில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய வரி இதுதான். எந்த ஆட்சியிலும் கல்வி மந்திரி பணம் கேட்பார், நிதி மந்திரி கையை விரிப்பார். இங்கே கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒரே ஆள். மதிய உணவு காமராஜரின் ஆசை. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு. அந்த ஆசைக்குக் கணக்கில் இடம் கண்டுபிடித்தவர் சி.எஸ். முதலில் 1956-ல் ஊர்க்காரர்களின் நன்கொடையில் ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, அதில் ஆறு பைசாவை அரசு ஏற்றுக்கொண்டது. மீதி நாலு பைசா ஊர்ப் பொறுப்பு.

அந்த நாலு பைசாவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூகலூர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அறுவடை முடிந்ததும் எங்கள் அப்பா வண்டியில் ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து பள்ளித் திண்ணையில் இறக்கினார். வீட்டிலிருந்து வட்டல் எடுத்துக்கொண்டு போவோம். அதுவரை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன், அந்த வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் மாதம் முழுக்க அவன் வட்டலைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டுதான் பாடம் கேட்டான். கீழே வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம். பிற்பாடு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றான். இன்றைக்கும் என்னை “வட்டல் சோட்டாளி” என்றுதான் கூப்பிடுகிறான்.

1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் சி.எஸ்தான். தேர்வில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேலம்: குலக்கல்வித் திட்டத்தின் பக்கம் நின்ற மந்திரிகளில் அவரும் ஒருவர். அதை மறைத்துவிட்டு எழுதக்கூடாது.

மறைக்க மாட்டேன் ஐயா. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டப்படி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே காமராஜரும் எதிர்த்தார். சி.எஸ். ராஜாஜியோடு நின்றார். ராஜாஜியைக் குருவாக நினைத்தவர் அவர்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானே அந்தப் பையன், அவனை நினைத்தால் அந்தத் திட்டம் நிலைத்திருக்கவே கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆடு மேய்ப்பதைத் தவிர அவன் வீட்டில் அவனுக்குக் கற்றுக்கொடுக்க என்ன இருந்தது? சி.எஸ். அந்த விஷயத்தில் தவறான பக்கம் இருந்தார் என்பதே என் தீர்ப்பு.

ஆனால் 1954 மே மாதம் அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்த கல்வி மந்திரியும் அவரேதான். தான் ஆதரித்ததைத் தன் வாயாலேயே திரும்பப் பெறவேண்டி வந்தது. அதன் பிறகு எட்டு வருடம் அவர் கல்வித்துறையில் செய்ததெல்லாம் நேர் எதிர்த் திசையில். பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி, மதிய உணவு, சீருடை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பள்ளியிறுதி வரை படிப்பு. கருத்து மாறியதா, முதல்வரின் கொள்கையை நிறைவேற்றினாரா என்று நீங்கள் கேட்டால், வேலை நடந்த விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: அரைமனதோடு அப்படி எட்டு வருடம் உழைக்க முடியாது.

மகன் பொறியியல் படிக்கும் தாய், தாம்பரம்: சென்னை ஐ.ஐ.டி.க்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மேற்கு ஜெர்மனி உதவியோடு ஒரு பெரிய தொழில்நுட்பக் கல்லூரி இந்தியாவுக்கு வரப்போகிறது என்றதும், அது சென்னைக்குத்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் கல்வி மந்திரி சி.எஸ். கிண்டியில் மான்கள் திரிந்த காட்டு நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் மாநில அரசு கொடுத்தது. 1959 ஜூலையில் திறந்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் என்ற இயற்பியல் பேராசிரியர் தன் வீட்டு மாடியில் இளைஞர்களுக்குக் கோட்பாட்டு இயற்பியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சென்னைக்கு வந்தால் அந்த மாடிக்கு வந்து பேசுவார்கள். 1960-ல் உலகப் புகழ்பெற்ற அணு விஞ்ஞானி நீல்ஸ் போரே வந்து பார்த்து மெச்சினார். இயற்பியல் படித்த மந்திரிக்கு இதன் மதிப்பு புரிந்தது. 1961 அக்டோபரில் நேரு சென்னைக்கு வந்தபோது, அந்த மாணவர்களை நேருவோடு உட்காரவைத்துப் பேசச் செய்தார் சி.எஸ். மூன்றே மாதத்தில், 1962 ஜனவரியில், கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்றைக்கும் தரமணியில் இருக்கிறது. உங்கள் பையனுக்கு எண்கள் பிடிக்குமென்றால் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் அம்மா.

தென்னை விவசாயி, உடுமலை: எங்கள் தோட்டத்துக்கு வரும் பி.ஏ.பி. தண்ணீர் அவர் கொண்டுவந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

அவர் ஒருவர் மட்டும் கொண்டுவரவில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக வி.கே.பழனிசாமிக் கவுண்டர் எத்தனை வருடம் அலைந்தார், பொள்ளாச்சி மகாலிங்கம் எவ்வளவு பாடுபட்டார் என்பது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர்களையும் மறக்கக்கூடாது. சம்மதித்த கேரளத்துக்கும் நன்றி சொல்லவேண்டும். அமைச்சரவைக்குள் நிதிப் பொறுப்போடு பொள்ளாச்சி மண்ணின் ஆள் ஒருவர் இருந்தது அந்தத் திட்டத்தின் அதிர்ஷ்டம். 1961-ல் நேரு வந்து தொடங்கிவைத்தார். இரண்டு மாநிலமும் முறைப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970-ல்தான். காகிதம் வருவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது.

தமிழாசிரியர், மதுரை: 1965 மொழிப் போராட்டத்தின்போது மத்திய மந்திரியாக இருந்தாரே, ஏதாவது செய்தாரா?

ராஜினாமா செய்தார். அப்போது அவர் டெல்லியில் உணவு, விவசாய மந்திரி. 1962-ல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனவர், முதலில் எஃகுத் துறையைப் பார்த்தார். 1964-ல் பிரதமர் சாஸ்திரி அவரை உணவுத் துறைக்கு மாற்றினார்.

1965 ஜனவரி 26-லிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சத்தில் தமிழ்நாடு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினாலு வயது. கோபி தெருவில் மாணவர் ஊர்வலத்தில் நானும் கத்திக்கொண்டு போனேன். அப்பா காங்கிரஸ்காரர், கதர் வேட்டி. ராத்திரி வீட்டுக்கு வந்தபோது அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சோற்றைப் போடச் சொன்னார் அம்மாவிடம்.

பிப்ரவரி 11-ம் தேதி, சி.எஸ்ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்ற சேதி வந்தது. வனமலர்ச் சங்கத்து அதே இரண்டு பேர். மாணவப் பருவத்தில் சேர்ந்து பத்திரிகை நடத்தியவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் சேர்ந்து பதவியைத் துறந்தார்கள். அன்று ராத்திரியே சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதியைக் காப்பாற்றுவேன் என்றார். பஞ்சாயத்து ரேடியோ முன்னால் ஊரே நின்றது. ராஜினாமாக்கள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்கள், அடிபட்டவர்கள் முன்னால் இது சின்னத் தியாகம்தான். ஆனால் சென்னையில் அவர் கட்சியின் ஆட்சியே மாணவர்களை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், டெல்லியில் இரண்டு தமிழர்கள் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள். அது கணக்கில் வரவேண்டும்.

வேளாண் கல்லூரி மாணவர், திருச்சி: நெல் விளையும் ஊரிலிருந்து போனவர் கோதுமையில் எப்படி அவ்வளவு பெரிய முடிவெடுத்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன், தம்பி.

முதலில் அந்தக் காலத்தை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். 1964-65-ல் நாட்டின் மொத்தத் தானிய விளைச்சல் கிட்டத்தட்ட 8.9 கோடி டன். அடுத்த வருடம் மழை பொய்த்து 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. 1966-ல் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது, பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதையும் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாக அனுப்பவில்லை. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா என்ன பேசுகிறது என்று பார்த்துப் பார்த்து அளந்து விட்டார். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று உணவு மந்திரி நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர் ரேஷனில் மைலோ என்று ஒரு சிவப்புச் சோளம் போட்டார்கள். களி கிண்டினாலும் வேகாது, தோசை சுட்டாலும் ஒட்டாது. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற வீட்டிலேயே வாரத்தில் இரண்டு நாள் அந்த மைலோதான், ஏனென்றால் விளைந்ததில் ஒரு பங்கைக் கொள்முதலுக்கு அளந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட காலத்தில் யாருமே விரும்பாத துறை அது. அங்கே போய் அவர் செய்த முதல் வேலை, விதையைத் தொடவில்லை, மனிதர்களைத் தொட்டார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகள் இருந்தார்கள். 1965-ல் பி.பி.பால் என்ற விஞ்ஞானியை அங்கே உட்காரவைத்தார். விவசாயத் துறைச் செயலாளராக சிவராமன் வந்தார். டெல்லியில் பூசா என்று அழைக்கப்படும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் இருந்தார். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை உரத்தைத் தாங்கும், சாயாது, இரண்டு மூன்று மடங்கு விளையும் என்று இவர்கள் சொன்னார்கள். சுந்தரவடிவேலுவை நம்பி மதிய உணவைத் தொடங்கிய அதே பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். தெரிந்தவர்களைக் கண்டுபிடி, கேள், முடிவெடு, பழி வந்தால் நீயே வாங்கிக்கொள்.

பழி நிறையவே வந்தது. விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணி வேண்டும் என்றபோது நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரியே எதிர்த்தார். இடதுசாரிகள், அமெரிக்காவிடம் விவசாயத்தை அடகு வைக்கிறார் என்றார்கள். உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்தால்தான் அவன் புது விதையைத் தொடுவான் என்று இவர் சொன்னதற்கும் எதிர்ப்பு. அதையும் மீறி 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு வந்தது. அதே மாதம், பொங்கல் நாளில், இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தன் முதல் அலுவலகத்தைத் திறந்தது.

விதையை எடுத்த எடுப்பில் கப்பல் கப்பலாக வரவழைக்கவில்லை. விவசாயிகளின் சொந்த நிலத்தில் செயல்விளக்க வயல்கள் போட்டுக் காட்டினார்கள். 1965-ல் 250 டன் விதை வந்தது. அதை விதைத்துப் பார்த்துவிட்டு, 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் லெர்மா ரோஜோ என்ற குட்டை ரக விதைக் கோதுமை. அதுவரை உலகத்தில் யாரும் ஒரே தடவையில் அவ்வளவு விதை வாங்கியதில்லை. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அங்கேயும் அந்தக் கோதுமையையே போட்டார். பார்க்க வருகிற எம்.பி.க்கள் வயலோரமாக நடந்துதான் வரவேண்டும். எந்த விவாதத்தையும்விட அந்தக் கதிர்கள் நன்றாகப் பேசியிருக்கும்.

நீங்கள் வேளாண்மை படிப்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் துறை மேடைகளில் சுவாமிநாதன் பெயரும் போர்லாக் பெயரும் அடிக்கடி வருகின்றன, வரவேண்டும். கூடவே, மந்திரிசபையில் அவர்களுக்காக வாதாடிச் சண்டை போட்டவர் பெயரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.

இயற்கை விவசாயி, சத்தியமங்கலம்: மண்ணை உப்பாக்கியதும், நிலத்தடி நீரை உறிஞ்சியதும், பாரம்பரிய ரகங்களை அழித்ததும் அந்தப் புரட்சிதானே? அதற்கும் அவர்தானே பொறுப்பு?

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. எங்கள் வயலில் மண்புழுவைப் பார்த்து வருடக்கணக்காகிறது. அளவுக்கு மீறி உரம் போடுவதையும், இலவச மின்சாரத்தில் இரவுபகலாக நீர் இறைப்பதையும், நெல்–கோதுமை என்றே மாற்றாமல் விதைப்பதையும் பின்னால் வந்த அரசுகளும் நாமும் நிறுத்தியிருக்கலாம். 1968-லேயே சுவாமிநாதன் இந்த ஆபத்துகளை எச்சரித்துப் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் குறைவு.

ஆனால் 1966-ல் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த கப்பல் வரவில்லை என்றால் பிகாரில் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? அந்த நாற்காலியில் இருந்தவர் எடுத்த முடிவு சரி என்றுதான் சொல்வேன். மைலோ களி தின்ற வயிறு சொல்கிறது.

வழக்கறிஞர், கோவை: நெருக்கடி நிலையின்போது நிதி மந்திரியாக இருந்தவரைப் புகழ்கிறீர்களே?

இருந்தார். 1971-ல் கிருஷ்ணகிரியிலிருந்து ஜெயித்து மறுபடி மந்திரியாகி, திட்டம், தொழில் துறைகளைப் பார்த்து, 1974-லிருந்து 1977 வரை நிதி மந்திரி. கிராம வங்கிகள் 1975-ல் வந்தது அவர் காலத்தில்தான், நல்ல காரியம். மொழிக்காகப் பத்து வருடம் முன்பு எழுந்தவர், தலைவர்கள் சிறையில் இருந்தபோது எழவில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்தல். பிறகு இந்திராவைவிட்டு விலகினார், சரண்சிங் அரசில் பாதுகாப்பு மந்திரி, 1990-ல் மகாராஷ்டிர ஆளுநர். 1998-ல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7-ல் காலமானார்.

வாசகர், கோபிசெட்டிபாளையம்: அப்படிப்பட்டவரை 1967-ல் நம் ஊர் ஏன் தோற்கடித்தது?

நம் ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்தத் தேர்தலில் அவர் நின்றது கோபி மக்களவைத் தொகுதியில். எதிர்த்து நின்றவர் தி.மு.க.வின் பி.ஏ.சாமிநாதன். காற்று முழுக்க ஒரு பக்கம் வீசியது. மொழிப் போராட்டத்தில் சுடப்பட்டவர்களை யாரும் மறக்கவில்லை. அப்புறம் அரிசி. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொல்லிவிட்டார். நாட்டுக்கே உணவு மந்திரி நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிறார், நாம் ரேஷன் கடையில் மைலோவுக்கு வரிசையில் நிற்கிறோம். ஜனங்களுக்கு வேறு என்ன தோன்றும்? விதை வந்திருக்கிறது, அடுத்த வருடம் விளையும் என்று சொன்னால் இன்றைக்கு அடுப்பு எரியுமா? அந்தத் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் தோற்றார்.

ஓட்டுப்போட்டுவிட்டு வந்த அப்பா திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் கேட்டாள், எதுக்குப் போட்டீங்க என்று. “சூரியனுக்குத்தான்,” என்றார். அந்தக் கதர் வேட்டியோடு போய் அப்பா அப்படிச் செய்தது எனக்கு அன்று பெரிய வெற்றியாக இருந்தது. ஊர்வலத்தில் கத்தியவன் அல்லவா நான்.

அடுத்த வருடம், 1968 கோடையில், வடக்கே கோதுமை வந்து குவிந்தது. அதற்கு முந்தைய நல்ல வருடத்தில் 1.2 கோடி டன், இந்தத் தடவை 1.65 கோடி டன்னுக்கு மேல். வைக்க இடமில்லாமல் பஞ்சாபில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு வகுப்பறைகளில் கொட்டினார்கள். ஜூலையில் இந்திரா காந்தி ‘கோதுமைப் புரட்சி’ என்று தபால்தலை வெளியிட்டார். சி.எஸ். அப்போது மந்திரி இல்லை, எம்.பி.கூட இல்லை.

நான் தபால்தலை சேர்க்கிற பையன். கோபி தபால் ஆபீசில் இருபது பைசா கொடுத்து அந்தத் தலையை வாங்கிவந்தேன். கோதுமைக் கதிர், பூசா நிறுவனத்தின் கட்டடம், 1951-ல் எவ்வளவு, 1968-ல் எவ்வளவு என்று காட்டும் இரண்டு அளவுகள். அந்த வருடம் எங்கள் வயலிலும் முதல்முறையாக ஐ.ஆர்.8 என்ற புது ரக நெல்லை நட்டிருந்தோம், குட்டையாக, சாயாமல், கதிர் பிடித்து நின்றது. அப்பா வயலிலிருந்து வந்து கை கழுவிவிட்டு, வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தபால்தலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இதுல அவரு பேரு எங்க சாமி இருக்குது?”

“ஸ்டாம்புல மந்திரி பேரெல்லாம் போட மாட்டாங்கப்பா.”

திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். “இத ஒட்டிச் செலவு பண்ணீராத. வெச்சிரு,” என்றார். வைத்திருக்கிறேன்.